விருந்தோம்பலுக்கு ஒரு விலைச்சீட்டு

சொகுசுக் கப்பலில் ஏழு நாள் உலா போய்வந்தவர்கள் சொல்லும் குறைகளைக் கேட்டு நகைப்பது எழுத்துலகில் ஒரு வழக்கமாகிவிட்டது. மூன்றாவது தட்டு இறைச்சிக்குக் காசு கேட்டார்கள், நீச்சல்குளத்தருகே சாய்வு நாற்காலி கிடைக்கவில்லை, அரைக்கால்சட்டையோடு இரவு விருந்துக்குப் போனவரை வாசலில் நிறுத்திவிட்டார்கள், காப்பி ஆறிப்போயிருந்தது. இவையும் குறைகளா என்று கேட்கிறார்கள் நண்பர்கள். பசியையும் பஞ்சத்தையும் எழுதவேண்டிய பக்கத்தில் தின்று தெவிட்டியவரின் ஏப்பத்துக்கு இடமெதற்கு என்றும் கேட்கிறார்கள். கேள்வியில் நியாயம் இருப்பதுபோலத்தான் தோன்றும். ஆனால் இந்த நகைப்பால் ஆதாயம் அடைபவர் யார் என்று ஒரு கணம் எண்ணிப் பார்க்கவேண்டும். பயணியின் முறையீடு அற்பமென்று நாம் தள்ளிவிட்டால் முதலில் மகிழ்பவர் கப்பல் முதலாளி. அவர் பதில் சொல்லவேண்டிய தேவையே இல்லாமற் போகிறது.

நம் தரப்பு இதுதான். பயணிகளின் குறைகள் அற்பமானவை அல்ல; ஒவ்வொன்றுக்கும் பின்னால் திட்டமிட்ட ஒரு வணிகக் கணக்கு இருக்கிறது. அதே வேளையில், அந்தக் குறைகள் போய்ச் சேருமிடம் தவறானது. மயாமியிலும் ஜெனிவாவிலும் அமர்ந்து முடிவெடுப்பவரைத் தொடவேண்டிய கோபம், தட்டேந்தி நிற்கும் பணியாளின் தலையில் விழுகிறது. அப்படி விழும்படி ஏற்பாடு செய்ததும் அதே வணிகக் கணக்குத்தான். அதில் முதன்மையான கருவி டிப்ஸ் என்னும் வழக்கம். அதை ஒழித்து, பணியாளின் கூலியைப் பயணக் கட்டணத்துக்குள் கொண்டுவரவேண்டும் என்பதே இக்கட்டுரையின் கோரிக்கை.

தமிழ் படித்தவர்கள் என்ற உரிமையில் ஒரு சொல்லிலிருந்து தொடங்குகிறோம். 'விருந்து' என்ற சொல்லுக்குப் பழைய பொருள் புதுமை. தொல்காப்பியம் செய்யுளின் எட்டு வனப்புகளுள் ஒன்றாக விருந்தை வைப்பது அப்பொருளில்தான். வீட்டுக்குப் புதிதாக வந்தவர் விருந்தினர்; அறிந்த உறவினர் அச்சொல்லுக்குள் பிற்காலத்தில் நுழைந்தவர். வள்ளுவர் இல்லறவியலில் விருந்தோம்பலுக்குத் தனி அதிகாரமே வகுத்தார். அந்த மரபில் விருந்தினர் முகம் வாடினால் பழி விருந்தளிப்பவருக்கு. சமைத்த கையையோ இலை போட்ட கையையோ அந்தப் பழி சேர்வதில்லை.

இன்றைய கப்பல் நிறுவனங்களின் அகராதியில் 'பயணி' என்ற சொல் ஏறத்தாழ மறைந்துவிட்டது. எல்லோரும் 'விருந்தினர்'. சொல்லைக் கடன் வாங்கினார்கள். அச்சொல் சுமந்திருந்த பொறுப்பை வாங்கவில்லை. வீட்டுக்காரர் எங்கோ மறைந்துகொண்டு, வேலைக்காரரை வாசலில் நிறுத்தி, விருந்தினரின் வாட்டத்துக்கு அவரையே ஈடு சொல்லச் செய்யும் விருந்தோம்பல் இது.

கப்பல் எப்போதும் இப்படி இருந்ததில்லை. ஏ.கே. செட்டியார் காந்தியைப் பற்றி ஆவணப்படம் எடுக்கவேண்டுமென்று 1937 அக்டோபரில் முடிவெடுத்தது நியூயார்க்கிலிருந்து அயர்லாந்து நோக்கிச் சென்ற ஒரு கப்பலில். 1940இல் படம் வெளிவந்தது. அன்று கப்பல் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குப் போகும் வழி. 1958இல் அட்லாண்டிக்கைக் கடக்கும் ஜெட் விமானச் சேவை வந்ததும் அந்த வழி அடைபடத் தொடங்கியது. வேலையிழந்த கப்பல்களுக்கு வேறு வேலை தேடியவர்கள் மயாமியில் கூடினார்கள். நார்வீஜியன் கரீபியன் 1966இலும், ராயல் கரீபியன் 1968இலும், கார்னிவல் 1972இலும் தோன்றின. கார்னிவலின் முதற்கப்பல் 'மார்டி கிரா' தன் முதற்பயணத்திலேயே மயாமிக்கு வெளியே தரைதட்டி நின்றது ஒரு சுவையான செய்தி. எங்கும் போய்ச் சேரவேண்டிய தேவையற்ற கப்பல் அங்கேதான் பிறந்தது. புறப்பட்ட துறைக்கே திரும்புவது அதன் பயணம். கப்பலே ஊர், கப்பலே அங்காடி, கப்பலே விடுதி. 2024 ஜனவரியில் கடலேறிய 'ஐகான் ஆஃப் த சீஸ்' ஏறத்தாழ 2,48,000 மொத்த டன் அளவுடையது. டைட்டானிக்கைப்போல ஐந்து மடங்குக்கும் மேல். நிறைந்தால் 7,600 பயணிகள், அவர்களுக்குப் பணிசெய்ய ஏறத்தாழ 2,350 பேர். நம்மூர்ப் பேரூராட்சி ஒன்றின் மக்கள்தொகை இது. ஆனால் அந்த ஊரில் தேர்தல் இல்லை, பஞ்சாயத்து இல்லை. இருப்பது கருத்துப் படிவம் ஒன்றுதான்.

குறைகளுக்கு வருவோம். சாய்வு நாற்காலியில் விடியற்காலையிலேயே துண்டைப் போட்டு இடம்பிடித்துவிட்டுச் சிலர் போய்விடுகிறார்கள் என்பது கப்பலேறும் எல்லோரும் சொல்லும் குறை. நாற்பது நிமிடம் ஆளில்லாவிட்டால் துண்டை அகற்றலாம் என்று கார்னிவல் விதி வகுத்திருக்கிறது. நல்ல விதிதான். அதை நிறைவேற்றவேண்டியவர் யார்? குளத்தருகே துண்டு மடித்துக்கொண்டிருக்கும் இளைஞர். அகற்றினால் துண்டின் சொந்தக்காரர் சினப்பார். அகற்றாவிட்டால் இடமற்றவர் சினப்பார். இருவருமே ஊருக்குத் திரும்புமுன் அவரைப் பற்றிக் கருத்தெழுதக்கூடியவர்கள். குளத்தருகே இத்தனை நாற்காலிதான் கொள்ளும், கப்பலில் இத்தனை பேரை ஏற்றுவோம் என்று முடிவுசெய்தவர் அந்தப் பூசலில் எங்கும் தென்படுவதில்லை.

அடுத்தது உணவு. முன்பெல்லாம் இரவுணவுக்கு இரண்டு பந்தி. குறித்த நேரம், குறித்த மேசை, ஏழு இரவும் அதே பணியாளர். 2000ஆம் ஆண்டில் நார்வீஜியன் நிறுவனம் விரும்பிய நேரத்தில் விரும்பிய இடத்தில் உண்ணலாம் என்ற முறையைக் கொண்டுவந்தது. சுதந்திரம் என்று அதற்குப் பெயர் சூட்டினார்கள். பழைய முறையில் எரிச்சல் இருந்ததை நாம் மறுக்கவில்லை. முன்பின் தெரியாதவரோடு ஒரே மேசையில் ஏழு இரவு அமர்வது எல்லோருக்கும் இனிக்காது. ஆனால் சுதந்திரத்தோடு கூடவே வந்தவை கட்டண உணவகங்கள். மாட்டிறைச்சிக்கு ஒன்று, ஜப்பானிய உணவுக்கு ஒன்று, இத்தாலியச் சமையலுக்கு ஒன்று. பொதுக்கூடத்தின் உணவு சற்று மங்கினால்தானே கட்டணக் கூடத்தின் வாசலில் ஒளி கூடும்? 2023இல் கார்னிவல் பொது உணவுக்கூடத்தில் மூன்றாவது முதன்மை உணவுக்கு ஐந்து டாலர் விதித்தபோது, பணம் சிறிது, ஏன் இவ்வளவு கூச்சல் என்று கேட்டவர்கள் உண்டு. பயணி அஞ்சியது அந்த ஐந்து டாலரை அன்று. எல்லாம் கட்டணத்தில் அடக்கம் என்று சொல்லி ஏற்றிக்கொண்டபின், அடக்கத்தின் எல்லை நடுக்கடலில் சுருங்கிக்கொண்டே வருவதைத்தான் அவர் கண்டார்.

இது கற்பனை அச்சமல்ல. பெரிய நிறுவனங்களின் ஆண்டுக்கணக்குகளைப் பாருங்கள்: மொத்த வருவாயில் மூன்றில் ஒரு பங்கை ஒட்டிய தொகை பயணச்சீட்டில் வருவதன்று, கப்பலில் ஏறியபின் செலவிடப்படும் பணத்தில் வருவது. மது, சூதாட்டம், இணையம், கரையோரச் சுற்றுலா, கட்டண உணவு. நுழைவுச்சீட்டை மலிவாக்கி, உள்ளே கறப்பது என்பதே திட்டம். பானத் தொகுப்பின் விதியையே பாருங்கள். ஓர் அறையில் ஒருவர் மதுத் தொகுப்பு வாங்கினால் அவ்வறையிலுள்ள வயதுவந்த மற்றவரும் வாங்கியாக வேண்டும் என்பது கார்னிவல், ராயல் கரீபியன் போன்றவற்றின் விதி. கணவர் குடிப்பவர், மனைவி குடியாதவர் என்றால் அவரது குடியாமைக்கும் விலை உண்டு. கார்னிவலில் ஒரு நாளைக்குப் பதினைந்து மது என்று உச்சவரம்பு. அதையும் நலன் கருதிய விதி என்கிறார்கள். பதினைந்தில் தொடங்கும் நலனை எந்த மருத்துவரும் ஒப்பமாட்டார்.

உடை விதி பற்றிய பூசலும் இதே வகைதான். ஒரு சாரார் பழைய கப்பலின் மிடுக்கு அழிந்துவிட்டதே என்று வருந்துகிறார்கள். மற்றொரு சாரார் பணம் கொடுத்து வந்த இடத்தில் கழுத்துப்பட்டை எதற்கு என்கிறார்கள். இரு சாராரும் ஒருவரையொருவர் ஏசிக்கொண்டிருக்கையில் அவர்களுக்கு மேலே வேறொரு கதவு சத்தமின்றி மூடிக்கொள்கிறது. குனார்டின் குயின் மேரி 2இல் எங்கே உண்பது என்பதை வாங்கிய அறையின் தரம் முடிவுசெய்கிறது: குயின்ஸ் கிரில், பிரின்சஸ் கிரில், பிரிட்டானியா. நார்வீஜியனில் 'ஹேவன்', எம்எஸ்சியில் 'யாட் கிளப்' என்று தனி வாசல், தனிக் குளம், தனி உணவுக்கூடம். டைட்டானிக்கின் மூன்று வகுப்புகளைப் பற்றி எடுத்த படத்தைப் பார்த்துக் கண்ணீர் விட்ட தலைமுறைதான் இந்த ஏற்பாட்டுக்கு விரும்பிப் பணம் செலுத்துகிறது.

இனி டிப்ஸ். நம் வாதத்தின் நடுநாடி இதுவே.

அமெரிக்கச் சந்தையைச் சார்ந்த பெரிய கப்பல்களில் ஒவ்வொரு பயணியின் கணக்கிலும் நாள்தோறும் ஒரு தொகை தானாகவே சேர்க்கப்படுகிறது. சாதாரண அறைக்குப் பெரும்பாலும் 16 முதல் 20 டாலர் வரை. 18 டாலர் என்று கொண்டால், இருவர் தங்கும் அறைக்கு ஏழு இரவில் 252 டாலர். இதற்கு அன்பளிப்பு என்று பெயர். கொடுப்பவரின் மனமறியாமலே கணக்கில் ஏறுவது எவ்விதத்தில் அன்பளிப்பு? பல நிறுவனங்களில், விரும்பாதவர் அலுவலக மேசைக்குப் போய் அதைக் குறைக்கவோ நீக்கவோ சொல்லலாம். அங்கேதான் பொறி இருக்கிறது. பரிமாறுபவர், அறை துப்புரவு செய்பவர் முதலியோரின் வருவாயில் பெரும்பகுதி பல கப்பல்களில் இந்த நிதியிலிருந்தே வருகிறது. அது கூலி. கூலிக்கு அன்பளிப்பு என்று பெயர் வைத்ததால், கூலி கொடுக்கும் கடமை முதலாளியிடமிருந்து பயணிக்கு நகர்ந்தது. கூலியைப் பறிக்கும் அதிகாரமும் கூடவே நகர்ந்தது.

விளைவைப் பாருங்கள். புயலினால் ஒரு துறைமுகம் தவிர்க்கப்பட்டது. பயணி கோபத்தில் டிப்ஸை நீக்குகிறார். குளிர்சாதனம் பழுதானது, டிப்ஸை நீக்குகிறார். கட்டண உணவகத்தில் இடமில்லை, டிப்ஸை நீக்குகிறார். தன் எதிர்ப்பை நிறுவனம் உணர்ந்துவிட்டதாக அவர் நிறைவடைகிறார். நிறுவனத்தின் கருவூலத்தில் ஒரு காசும் குறையவில்லை. குறைந்தது, தன் ஊரில் ஒரு குடும்பத்தைத் தாங்கிக்கொண்டிருக்கும் ஒருவரின் அந்த வாரச் சம்பளம். பயணியின் கையில் கொடுக்கப்பட்டுள்ள ஒரே ஆயுதம் இப்படிப் பணியாளை மட்டுமே வெட்டும்படி வடிக்கப்பட்டிருக்கிறது.

டிப்ஸை நீக்கும் பயணியைக் கொடியவர் என்று சாடுவது நம் நோக்கமல்ல. தாம் செலுத்துவது யார் பங்குக்கு, எவ்வளவு போகிறது என்பதை நிறுவனங்கள் அவருக்குத் தெளிவாகச் சொல்வதில்லை. தெரியாதவர் தெரிந்த வழியில் எதிர்க்கிறார். அந்த அறியாமையின்மேல் கட்டப்பட்ட மாளிகையைத்தான் நாம் சாடுகிறோம்.

அதே மாளிகையின் மற்றொரு தூண் கருத்துப் படிவம். பயணம் முடிந்ததும் எல்லாவற்றுக்கும் மதிப்பெண் கேட்டுப் படிவம் வருகிறது. கடைசி இரவில் பணியாளர்கள் மேசை மேசையாக வந்து, மிக உயர்ந்த மதிப்பெண்ணை இடுமாறும் தம் பெயரைக் குறிப்பிடுமாறும் தயங்கித் தயங்கிக் கேட்பதைக் கண்டவர் பலர். நம்மிடம் படித்துவிட்டுப் பின்னர் உணவகத் தொழில் கற்றுக் கப்பலேறிய மாணவர் ஒருவர் விடுமுறையில் வந்தபோது, பத்துக்கு ஒன்பது வாங்குவதும் தங்கள் மேற்பார்வையாளருக்குத் தோல்விக் கணக்குத்தான் என்று விளக்கினார். தேர்வுத்தாள் திருத்தியே காலம் கழிக்கும் நமக்கு அது புதிதாக இருந்தது. நூற்றுக்குத் தொண்ணூறு வாங்கியவரைத் தண்டிக்கும் தேர்வு முறையை எந்தப் பல்கலைக்கழகமும் இன்னும் கண்டுபிடிக்கவில்லை. பயணியின் கருத்துரிமை என்று போற்றப்படுவது, நடைமுறையில், மேற்பார்வையாளர் கையிலுள்ள சாட்டைக்கு நார் திரித்துக் கொடுப்பதாக முடிகிறது.

மதிப்பெண் இடுவதே தவறென்று சொல்லவரவில்லை. அமெரிக்க நோய்த்தடுப்பு மையத்தின் கப்பல் சுகாதாரத் திட்டம் 1970களிலிருந்து நடந்துவருகிறது. ஆய்வாளர்கள் முன்னறிவிப்பின்றிக் கப்பலேறிச் சமையற்கூடத்தையும் குடிநீரையும் சோதித்து நூற்றுக்கு மதிப்பெண் இடுகிறார்கள். 85ம் அதற்குக் கீழும் தேறாதவை. முடிவு ஊரறிய வெளியிடப்படுகிறது. அங்கே மதிப்பிடப்படுவது கப்பலும் அதன் நிருவாகமும். பயணியின் படிவத்தில் மதிப்பிடப்படுவதோ ஒரு தனி மனிதரின் புன்னகை. முன்னது ஆய்வு, பின்னது உளவு.

பயணியின் கண்ணுக்கு எட்டாதவை வேறு. 2016இல் பிரின்சஸ் நிறுவனம், எண்ணெய் கலந்த கழிவுநீரைக் கள்ளக்குழாய் வழியே கடலில் விட்டு மறைத்த குற்றத்தை ஒப்புக்கொண்டு நான்கு கோடி டாலர் அபராதம் செலுத்தியது. அதை வெளிக்கொணர்ந்தது பயணியின் நட்சத்திர மதிப்பீடு அல்ல. 2013இல் கப்பலில் புதிதாகச் சேர்ந்த இளம் பொறியாளர் ஒருவர் கண்டதைப் பதிவுசெய்து, வேலையை விட்டுக் கரையிறங்கி அதிகாரிகளிடம் சொன்னார். கப்பலைப் பற்றிய உண்மையான கருத்துரை அதுதான். அதை எழுதத் துணிந்தவர் ஒரு பணியாளர்.

ஆனால் பெரும்பாலான பணியாளர்களால் எழுத முடிவதில்லை. அவர்கள் நிற்கும் தளம் எந்த நாட்டினுடையது என்ற கேள்விக்கே விடை சிக்கலானது. கார்னிவல் பனாமாவில் பதிவுபெற்று வளர்ந்த நிறுவனம், ராயல் கரீபியன் லைபீரியாவில், நார்வீஜியன் பெர்முடாவில். கப்பல்களில் பறப்பவை பெரும்பாலும் பஹாமாஸ், பனாமா, மால்டா, பெர்முடா கொடிகள். பயணிகளோ ஃபுளோரிடாவில் ஏறுகிறார்கள். பணியாளர்கள் பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா, இந்தியா முதலிய நாடுகளிலிருந்து வருகிறார்கள். வரிக்கு ஒரு நாடு, சட்டத்துக்கு ஒரு நாடு, வாடிக்கையாளருக்கு ஒரு நாடு, உழைப்புக்கு வேறு நாடுகள். உலகமயம் என்ற சொல்லைக் கருத்தரங்குகளில் உச்சரித்துக் களைத்தவர்கள் ஒரு கப்பலைப் பார்த்தால் போதும்.

2013இல் நடைமுறைக்கு வந்த கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை, 24 மணி நேரத்தில் பணி 14 மணியைத் தாண்டக்கூடாது, ஏழு நாளில் 72 மணியைத் தாண்டக்கூடாது என்கிறது. (அல்லது குறைந்தபட்ச ஓய்வை 10, 77 மணி என்று கணக்கிடலாம்.) இந்தியா 2015இல் இதை ஏற்றது. உலகம் போராடிப் பெற்ற எட்டு மணி நேர வேலை நாள், கடலில் 14 மணிவரை நீளலாம் என்பதே காப்புறுதியாக எழுதப்பட்டிருக்கிறது. ஆறு முதல் ஒன்பது மாதம்வரை ஒப்பந்தம். அதற்கிடையே வார விடுமுறை என்ற சொல்லுக்கு அங்கே பொருளில்லை.

2020 பிப்ரவரியில் யோகஹாமாவில் நிறுத்தப்பட்ட 'டயமண்ட் பிரின்சஸ்' இதை உலகுக்குக் காட்டியது. கப்பலில் 3,711 பேர். 712 பேருக்குக் கொரோனா தொற்று. பயணிகள் அறைக்குள் தனிமைப்படுத்தப்பட்டார்கள். அவர்களுக்கு வேளைதோறும் உணவு சுமந்து சென்றவர்கள் பணியாளர்கள். அவர்களோ அடித்தளங்களில் நெருக்கமான அறைகளைப் பகிர்ந்துகொண்டு, ஒன்றாக உண்டு, தொடர்ந்து வேலைசெய்தார்கள். அவர்களுள் நூற்றுக்கும் மேற்பட்டோர் இந்தியர், தமிழ்நாட்டுக்காரர்களும் இருந்தார்கள். பின்னர்க் கப்பல்தொழில் முடங்கியபோது பயணிகள் வீடு திரும்பினார்கள். பணியாளர் பல்லாயிரவர் இறங்க ஒரு துறை கிடைக்காமல் மாதக்கணக்கில் கடலில் கிடந்தார்கள்.

பயணிக்கேனும் சட்டத்தின் துணை உண்டா? 1991இல் அமெரிக்க உச்சநீதிமன்றம் தீர்த்த கார்னிவல் எதிர் ஷூட் வழக்கை நினைவில் கொள்ளவேண்டும். கப்பலில் வழுக்கி விழுந்து காயமடைந்த வாஷிங்டன் மாநிலத்துப் பயணி தம் மாநிலத்தில் வழக்குத் தொடுத்தார். பயணச்சீட்டின் சிறிய எழுத்தில், வழக்குகள் ஃபுளோரிடாவில்தான் தொடுக்கப்படவேண்டும் என்று இருந்தது. அந்த நிபந்தனை செல்லும் என்றது நீதிமன்றம். நாட்டின் ஒரு மூலையிலிருப்பவர் மறுமூலைக்குப் போய் நீதி கேட்கவேண்டும். 2013 பிப்ரவரியில் 'கார்னிவல் டிரையம்ஃப்' இயந்திர அறைத் தீயால் மெக்சிகோ வளைகுடாவில் செயலிழந்து நின்றது. நாலாயிரத்துக்கும் மேற்பட்டோர் கழிவறை இயங்காமல் நாட்களைக் கழித்தார்கள். பின் எழுந்த வழக்கில் நிறுவனம் முன்வைத்த வாதங்களுள் ஒன்று நினைவில் பொறிக்கத்தக்கது: பயணச்சீட்டு ஒப்பந்தம் பாதுகாப்பான பயணத்துக்கோ, கடலோடத் தகுதியுள்ள கப்பலுக்கோ, போதிய நல்லுணவுக்கோ, தூய்மையான தங்குமிடத்துக்கோ உத்தரவாதம் தரவில்லை என்பது அது. விளம்பரத்தில் விருந்தினர், வழக்குமன்றத்தில் உணவுக்கும் உரிமையற்றவர்.

அவ்வாண்டு மே மாதம் கப்பல் நிறுவனங்களின் சங்கம் தானே முன்வந்து பயணியர் உரிமைப் பட்டியல் ஒன்றை வெளியிட்டது. இயந்திரப் பழுதால் பயணம் ரத்தானால் முழுப்பணம், துறையில் நிற்கும்போது அடிப்படை வசதிகள் கிட்டாவிட்டால் இறங்கும் உரிமை என்று பத்து உரிமைகள். இல்லாததைவிட இது மேல். எனினும் உரிமையை வழங்குபவரே உரிமையை மீறக்கூடியவராகவும் இருக்கையில் அதற்கு வாக்குறுதி என்பதே பொருத்தமான பெயர். 2005இல் மாற்றுத்திறனாளிகள் சார்பில் நடந்த ஸ்பெக்டர் வழக்கு வேறொரு பாடம் சொல்கிறது. அயல்நாட்டுக் கொடி பறந்தாலும், அமெரிக்கக் கரையிலிருந்து இயங்கும் கப்பலை அந்நாட்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம் தொடும் என்று உச்சநீதிமன்றம் தீர்த்தது. கொடிக்குப் பின்னால் ஒளிந்திருப்பவரையும் சட்டத்தால் எட்ட முடியும். எட்டவேண்டும் என்று கேட்பவர்கள் வேண்டும்.

மாற்றுத் தரப்பின் வாதங்களை மறைக்கவில்லை. கப்பல்வேலை இல்லையென்றால் அந்த இளைஞருக்கு ஊரில் இதைவிடக் குறைந்த கூலிதானே என்பது ஒன்று. உண்மையாகவே இருக்கட்டும். ஊரின் வறுமையைக் காட்டிக் கடலின் அநீதியை நியாயப்படுத்தும் இந்த வாதத்தைத் தேயிலைத் தோட்டத்துக்கு ஆள்பிடித்த கங்காணிகளும் சொன்னார்கள். டிப்ஸ் இருந்தால்தான் பணியில் கருத்து இருக்கும் என்பது மற்றொன்று. அப்படியானால் கப்பல் தலைவருக்கும் தலைமைப் பொறியாளருக்கும் ஏன் மாதச் சம்பளம்? கப்பலைப் பாறையில் மோதாமல் செலுத்தியதற்கு வாரக்கடைசியில் உண்டியல் ஏந்தச் சொல்லலாமே! கட்டணம் கூடிவிடும் என்பது மூன்றாவது. கூடும். இப்போதும் அத்தொகையைச் செலுத்துவது பயணிதான். மறைந்திருப்பது வெளிப்படும், அவ்வளவே. பிரிட்டனின் பி அண்ட் ஓ நிறுவனம் 2019இல் நாள்வாரி டிப்ஸை நீக்கிக் கட்டணத்துக்குள் அடக்கியது. கப்பல்கள் மூழ்கிவிடவில்லை.

இலக்கிய வாசகர்களுக்கு இதில் என்ன என்ற கேள்விக்கு இப்போது விடை சொல்லலாம். டேவிட் ஃபாஸ்டர் வாலஸ் 1995இல் கரீபியக் கடலில் ஏழு இரவு உலா சென்று, 1996இல் ஹார்ப்பர்ஸ் இதழில் எழுதிய நெடுங்கட்டுரை உலகப் புகழ்பெற்றது. அதில் அவர் எழுப்பும் கேள்விகளுள் ஒன்று நம் நெஞ்சைத் தைப்பது. மதிப்பு மிக்க எழுத்தாளரான ஃபிராங்க் கான்ராய், நிறுவனத்திடம் பணம் பெற்று, அதே கப்பல்களைப் புகழ்ந்து எழுதிய கட்டுரை விளம்பரக் கையேட்டில் தன்னனுபவக் கட்டுரையின் வடிவில் அச்சாகியிருந்தது. விளம்பரம் கலையின் வேடமிடுவதன் நேர்மையின்மையை வாலஸ் தோலுரித்தார். இன்று அந்த வேடம் பெருந்தொழில். இலவசப் பயணம் பெற்றுக் காணொளி போடுவோரும், 'என் நேர்மையான கருத்து' என்று தொடங்கி விலைப்பட்டியலில் முடிப்போரும் கணக்கிலர். கருத்து என்பது விலைபோகும் சரக்கானபின், காப்பி ஆறியிருந்தது என்று கூலி வாங்காமல் முணுமுணுக்கும் பயணி நம் மதிப்புக்குரியவர். அவரது முணுமுணுப்பில் கலப்படமில்லை. முகவரி மட்டும்தான் பிழை.

இது நமக்கு அயலான கதையுமன்று. 2022 ஜூன் 4ஆம் நாள் சென்னைத் துறைமுகத்திலிருந்து கார்டேலியா நிறுவனத்தின் சொகுசுக் கப்பலை முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் கொடியசைத்து அனுப்பிவைத்தார். 2023 ஜூனில் அதே கப்பல் சென்னையிலிருந்து அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என இலங்கைத் துறைகளைத் தொட்டது. 1990இல் கட்டப்பட்டுக் கரீபியக் கடலில் ஓடிய கப்பல் அது. கப்பலோடு அதன் பழக்கங்களும் நம் கரைக்கு வரும். நம் நாட்டு உணவகங்கள் சேவைக்கட்டணத்தைத் தாமாகப் பில்லில் சேர்க்கக்கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் நெறிமுறை வகுத்தது. 2025 மார்ச்சில் தில்லி உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. வாடிக்கையாளருக்கு அது வெற்றி. ஆயினும் பரிமாறுபவரின் கூலி என்ன என்ற கேள்வி அங்கும் கேட்கப்படவில்லை. வாடிக்கையாளரின் உரிமையையும் பணியாளின் கூலியையும் ஒருசேரப் பேசும் மொழி நமக்கு இன்னும் வாய்க்கவில்லை.

ஆகவே நாம் கேட்பவை இவை. பணியாளின் முழு ஊதியமும் ஒப்பந்தத்திலும் பயணக் கட்டணத்திலும் இருக்கவேண்டும். எந்தப் பயணியின் மனநிலையும் அதைக் குறைக்கக்கூடாது. எவை கட்டணத்தில் அடக்கம், எவை அல்ல என்பது சீட்டு விற்கும்போதே பெரிய எழுத்தில் சொல்லப்படவேண்டும். பயணம் முடியும்வரை அது மாறக்கூடாது. பயணியின் குறைகளும் அவற்றுக்கு நிருவாகம் அளித்த விடைகளும், சமையற்கூட மதிப்பெண்களைப்போல ஊரறிய வெளியிடப்படவேண்டும். கப்பல் எந்தக் கரையில் ஆளேற்றுகிறதோ அந்தக் கரையின் நீதிமன்றத்தில் பயணியும் பணியாளும் முறையிட வழிவேண்டும்.

இவை நடக்கும்வரை, கப்பலேறும் அன்பர்களிடம் ஒரு வேண்டுகோள். குறை சொல்லுங்கள், தயங்காமல், விரிவாக, திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். நாற்காலியைப் பற்றியும் மூன்றாம் தட்டைப் பற்றியும் சொல்லுங்கள். ஆனால் அதை நிறுவனத் தலைவரின் பெயருக்கு எழுதுங்கள். அலுவலக மேசைக்குப் போய் டிப்ஸை நீக்கச் சொல்லாதீர்கள். படிவத்தில் பணியாளுக்கு உரிய கட்டத்தில் பத்து என்று இட்டுவிட்டு, கீழே இடமிருந்தால், இவருடைய சம்பளத்தை நீங்கள் ஏன் கொடுக்கவில்லை என்று ஒரு வரி எழுதுங்கள்.